கிரீன் எல்லா ஊரிலும் கிரீன்தான்

குன்னூர்,
12-1-1959

அன்புள்ள அமிர்தம் அக்காவுக்கு,

தம்பி அழகிரி எழுதுவது. குளிரில் பேனா பிடிக்கிற விரல் விறைக்கிறது. மற்றபடி நானும் கடையும் சுகம். நீ, மருதை மச்சான், ஜீயபுரத்தில் கட்டிக் கொடுத்த மகள் வள்ளிக்கண்ணு எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முட்டி வலி குறைந்ததா?

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. சோலைமட்டம் எஸ்டேட் துரைமார் கிளப்புக்கு எலும்புத் தூளும் சாக்கும் நான்தான் போடுகிறேன். அங்கே ஒன்பது குழி வைத்த கோல்ப் மைதானம் இருக்கிறது. கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது, ஊருக்குப் போகிறான். வேறு ஆள் வேண்டும் என்று செகரட்டரி துரை கேட்டார். "எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார் சார், பொன்மலை ரயில்வே மைதானத்துல பதினெட்டு வருஷமா கிரீன் போடுறவரு" என்று மச்சானைச் சொல்லிவிட்டேன். சாய்ந்திருந்த துரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பதினெட்டு வருஷமாக மச்சான் அங்கே தினக்கூலி. இங்கே மேஸ்திரி, ஓட்டு வீடு தருவார்கள். கம்பளிக் கோட்டு என்னுடையது ஒன்று இருக்கிறது, வலப்பக்கப் பை கிழிந்தது, தைத்துக் கொடுக்கிறேன். காந்தி மார்க்கெட்டில் கிழிந்த சாக்குப் பொறுக்கினவன் கடைக்கு இன்று போர்டு மாட்டியிருக்கிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு ரயில் ஏறினதால்தான். மச்சானை யோசிக்க விடாதே. யோசித்தால் வரமாட்டார்.

உன் பதிலைப் பார்த்துத்தான் துரையிடம் போவேன்.

தம்பி,
அழகிரி

---

பாலக்கரை,
27-1-1959

அன்புத் தம்பி அழகிரிக்கு,

அக்கா ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நலம். முட்டி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை உன் மச்சானுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். முதல் தரம் காதில் விழாதது போல் இருந்தார். இரண்டாம் தரம், "அங்க மணலு எங்கேருந்து எடுக்கறாங்க?" என்று கேட்டார்.

அவர் வேலை உனக்குத் தெரிந்ததுதான். காவிரி மணலைச் சலித்து, ஒர்க்ஷாப்பில் கழித்துப் போடுகிற எண்ணெயை விட்டுப் பிசைந்து, குழியைச் சுற்றி வட்டமாகப் பரப்புவார். அப்புறம் சாக்குச் சுற்றிய கட்டையைக் கயிறு கட்டி இழுத்து இழுத்து வழவழப்பாக்குவார். பந்து அதன் மேல் உருண்டுதான் குழிக்குப் போக வேண்டும். அந்தக் கறுப்பு வட்டத்துக்குப் பேர்தான் கிரீன். "கறுப்பா இருக்கறதப் போயி ஏன் கிரீன்ங்கறாங்க?" என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "தொரைமாரு வெச்ச பேரு, என்னைக் கேட்டா?" என்றார்.

அவர் உன்னிடம் கேட்கச் சொன்னவை மூன்று. அங்கே எந்த ஆற்று மணல்? எஞ்சின் எண்ணெயா, வேறு எண்ணெயா? ஓயாமல் மழை பெய்கிற ஊரில் எண்ணெய் மணலில் நிற்குமா? இதற்குப் பதில் தெரிந்தால்தான் கிளம்புவாராம். விசாரித்து எழுது.

அக்கா,
அமிர்தம்

---

குன்னூர்,
6-2-1959

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமே விழைகிறேன். உன் கடிதம் நேற்று வந்தது.

மணல், எண்ணெய் எல்லாம் என்னைக் கேட்டால்? நான் கிளப்பின் பின்வாசலில் மூட்டை இறக்குகிறவன். மைதானத்தைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. ஒரே பச்சை, நடுநடுவே கொடி ஆடுகிறது. ஆனால் செகரட்டரி ஆபீஸ் பக்கத்தில் சலித்த மணல் குவித்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். எஸ்டேட்டில் டீ ஃபாக்டரி இருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது, எண்ணெய்க்கா பஞ்சம்? கிரீன் எல்லா ஊரிலும் கிரீன்தான் என்று மச்சானிடம் சொல். சாக்கு திருச்சியிலும் சாக்கு, குன்னூரிலும் சாக்கு.

துரையிடம் வார்த்தை கொடுத்துவிட்டேன். மாசி பிறந்ததும் அனுப்பிவை. மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு மாற வேண்டும். இங்கே ஸ்டேஷனில் கோட்டோடு நிற்பேன்.

அழகிரி

---

குன்னூர்,
9-3-1959

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சான் நல்லபடியாக வந்து சேர்ந்தார். கோட்டு அவருக்குத் தோளில் கொஞ்சம் பெரிது, ஆனால் கழற்ற மாட்டேன் என்கிறார். சாப்பாடு என் வீட்டிலிருந்து போகிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

முதல் நாள் மைதானத்துக்கு நானும் கூடப் போனேன். மச்சான் ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "ஏன் மச்சான் நிக்கிறீங்க?" என்றேன். "மிதிச்சா அதுக்கு வலிக்கும் போல இருக்கு மாப்ள" என்றார். கொஞ்ச நேரம் துரைமார் ஆடுவதைப் பார்த்தார். "பொன்மலையில பந்து விழுந்தா சரளைக் கல்லுல டணார்னு எகிறும். எங்க விழுந்துச்சுன்னு திரும்பிப் பார்க்காமலே சொல்லிடுவேன். இங்க சத்தமே இல்லையே" என்றார்.

திரும்பி வரும்போது ஒவ்வொரு கொடியாகக் காட்டினார். இது நம்ம புளியமரத்துக் குழி, இது தண்டவாளத்து ஓரக் குழி, அது ஆடு மேயுமே அந்தக் குழி என்று எனக்கே சொல்லித் தந்தார். மேடு, பள்ளம், வளைவு எல்லாம் அப்படியே பொன்மலைதானாம். யாரோ மேலே புல்லைப் போர்த்தி வைத்திருக்கிறார்களாம். எனக்கு ஒன்றும் அப்படித் தெரியவில்லை. சிரித்துவிட்டு வந்தேன்.

பழைய வேலையாட்கள் புல் வெட்டுகிறார்கள், இவர் கூட நின்று பார்க்கிறார். அவருடைய இழுவைக் கட்டை பொன்மலைக் கொட்டகையில் இருக்கிறதாம். அது வேண்டும் என்கிறார். பார்சலில் போட்டு விடு.

அழகிரி

---

பாலக்கரை,
2-4-1959

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. பங்குனி வெயில் ஆளைத் தின்கிறது, அது தவிர குறை இல்லை. நீங்கள் இருவரும் குளிரில் ஜாக்கிரதை.

கட்டையை வாங்கப் பொன்மலைக்கு நானே போனேன். உன் மச்சான் இடத்தில் இப்போது செல்லக்கண்ணு என்ற ஆள் வேலை செய்கிறார். "அண்ணன் இழுத்தா கோடு வட்டமா அழகா வரும் அக்கா. நான் இழுத்தா பாம்பு ஓடின மாதிரி இருக்கு. தொரைங்க என்னைப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கறாங்க" என்றார். கட்டையைத் தரவே மனமில்லை அவருக்கு. புதுச் சாக்குச் சுற்றி ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன்.

பெரிய மைதானம், ஒரு மரத்தடியில் நின்று பார்த்தேன். பதினெட்டு வருஷத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

உன் மச்சானுக்கு எழுத வராது. அவர் வாயால் ஒரு வரி சொல்லச் சொல்லி, நீ அப்படியே எழுது.

அமிர்தம்

---

குன்னூர்,
8-6-1959

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள், கடையில் வேலை அதிகம்.

கட்டை வந்தது. மச்சான் சுகமாக இருக்கிறார். மழை பிடித்துக்கொண்டது, மைதானத்தில் வேலை குறைவு. ஒரு வரி கேட்டிருந்தாய். "நல்லா இருக்கேன், கவலைப்படாதே" என்று சொல்லச் சொன்னார். உன் முட்டிக்குத் தேய்த்துக்கொள்ள யூகலிப்டஸ் தைலம் இரண்டு பாட்டில் வாங்கிக் கொடுத்தார். அனுப்பியிருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

அழகிரி

---

குன்னூர்,
10-6-1959

அன்பு நண்பர் ஹபீபுல்லா பாய்க்கு,

அழகிரி வணக்கம். வீட்டில் ஹாஜிரா அம்மாவும் பிள்ளைகளும் நலமா? சாக்குக் கடையில் நாம் இருவரும் கூலிக்கு நின்ற நாளிலிருந்து உங்களிடம் நான் எதையும் மறைத்ததில்லை. இதையும் மறைக்கவில்லை.

என் மச்சான் மருதையைக் காணோம். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை கிளப்பில் கோப்பை மேட்ச். "கிரீனுக்கு மணல் போடு" என்று செகரட்டரி துரை சொல்லியிருக்கிறார். இங்கே கிரீன் என்றால் புல் பாய், வெல்வெட்டு மாதிரி ஒட்ட வெட்டின புல். அதன் மேல் பிடி மணலைத் தூவுவார்கள், வேருக்கு நல்லது என்று. மச்சானுக்கு அது தெரியாது. இத்தனை நாள் மேலே போர்த்தியிருந்ததை எடுத்துவிட்டு மேட்சுக்கு நிஜமான கிரீன் போடச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஃபாக்டரி எண்ணெயை மணலில் பிசைந்து, கிளப் வாசலுக்கு நேரே இருக்கிற ஒன்பதாவது குழியில் பரப்பி, கட்டையால் இழுத்து முடித்துவிட்டார். துரைமார் காபி குடிக்க வந்தபோது பச்சைக்கு நடுவே கன்னங்கரேலென்று வட்டம். புல் செத்துவிட்டது.

அன்றே வேலை போய்விட்டது. மத்தியானம் என் கடைக்குக்கூட வராமல் போனவர்தான். மேட்டுப்பாளையம் வரை ஆள் விட்டுத் தேடினேன். பாலக்கரையிலோ ஒர்க்ஷாப் பக்கமோ கண்ணில் பட்டால் எழுதுங்கள். அக்காவுக்குத் தெரிய வேண்டாம். இங்கே இருக்கிறார் என்றே எழுதியிருக்கிறேன்.

அழகிரி

---

பாலக்கரை,
2-7-1959

அன்பு நண்பர் அழகிரிக்கு,

ஹபீபுல்லாவின் ஸலாம். அல்லாஹ் கிருபையில் வீட்டில் சுகம். நீங்களும் அவ்வாறே இருக்க துஆ செய்கிறேன்.

ஒர்க்ஷாப் வாசலிலும் மார்க்கெட்டிலும் விசாரித்தேன், தகவல் இல்லை. கடைசியில் சாக்கு இருக்கிறதா என்று கேட்கிற சாக்கில் உங்கள் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். "மச்சான் சௌக்கியமாம்மா?" என்றேன். "மலையில இருக்காருன்னு தம்பிதான் எழுதியிருக்கானே பாய்" என்றார்கள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். சந்தில் துணி காயப்போடுகிற கொடியில் ஒரு கம்பளிக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. வலப்பக்கப் பை தைத்திருந்தது. இந்த வெயிலில் பாலக்கரையில் கம்பளிக் கோட்டு யார் போடுகிறார்கள்? நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியது நீங்கள்.

ஹபீபுல்லா

---

பாலக்கரை,
6-8-1959

அன்புத் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். இரண்டு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்பு எப்படி?

தைலம் வந்தது. முட்டிக்குக் குணமாகத்தான் இருக்கிறது. உன் மச்சான் தன் கையால் வாங்கிக் கொடுத்தார் என்று எழுதியிருந்ததை வீட்டில் படித்துக் காட்டினேன்.

ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போய்த் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு வந்தேன். தண்ணீர் நிறைய வருகிறது. படி ஓரம் ஒதுங்கின மணலை அள்ளி, விரலில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவாமலே வந்தாகிவிட்டது.

அங்கே மழை எப்படி? உன் மச்சான் கோட்டைப் போட்டுக்கொள்கிறாரா? வேலை பிடித்திருக்கிறதா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுது, தம்பி. நீ எழுதினால்தான் எனக்குத் தெரியும்.

அமிர்தம்

---

குன்னூர்,
17-8-1959

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

வள்ளிக்கண்ணு ஜீயபுரத்தில் இருக்கிறாள். வீட்டில் நீ ஒருத்தி. யாருக்குப் படித்துக் காட்டினாய்?

இதை நான் கேட்டிருக்கவே வேண்டாம். பாய் கோட்டைப் பற்றி எழுதின அன்றே மச்சான் வீடு சேர்ந்துவிட்டார் என்று தெரிந்துபோயிற்று. தெரிந்தும் ஒன்றரை மாதம் பேனாவை எடுக்கவில்லை. அவர் எல்லாம் சொல்லியிருப்பார், இனி நான் எழுத என்ன இருக்கிறது என்று இருந்தேன். உன் கடிதத்தைப் பார்த்தால் அவர் ஒன்றும் சொல்லவில்லை போலத் தெரிகிறது. சரி, நான் சொல்கிறேன்.

மணல் போட்டதும் எண்ணெய் விட்டதும் மச்சான். ஆனால் நீ மூன்று கேள்வி கேட்டு எழுதினாய். கிளப் வாசலில் ஒரு நிமிஷம் நின்று வேலையாளிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. முதல் நாள் மச்சானோடு போனபோது கிரீன் புல் என்று என் கண்ணுக்கே தெரிந்தது. எலும்புத் தூள் எதற்கு வாங்குகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது, மணலுக்கு யாராவது எலும்புத் தூள் போடுவார்களா? எனக்குப் புரிந்ததை மச்சானிடம் சொல்லவில்லை. தெரியாத ஆளை மேஸ்திரி என்று விற்றுவிட்டேன் என்று துரைக்குத் தெரிந்தால் என் பேர் கெடும். அதனால் மைதானத்திலிருந்து திரும்புகிற வழியில் அவரிடம் சொன்னேன்: "மச்சான், யாரையும் ஒண்ணும் கேக்காதீங்க. எல்லாம் தெரிஞ்ச ஆளுன்னு சொல்லி வெச்சிருக்கேன். எது சொன்னாலும் எஸ் சார்னு தலையை ஆட்டுங்க." ஆட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் மூட்டை இறக்கப் போயிருந்தேன். துரை கத்தவில்லை. "ஏன் யாரையும் கேட்கவில்லை?" என்றுதான் கேட்டார். மச்சான் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். கட்டையின் கயிறு கையில் இருந்தது. துரை என் பக்கம் திரும்பி, "இவன் உன் ஆள்தானே, இவனுக்கு வேலை தெரியாதா?" என்றார். நான், "எங்க ஊர்க்காரன் சார், அவ்வளவுதான். எனக்குத் தெரியாது சார்" என்றேன். மச்சான் என்று சொல்லவில்லை. மச்சான் கயிற்றைக் கீழே வைத்தார். வீசவில்லை, சுருட்டி வைத்தார்.

நான் பாக்கி மூட்டைகளை இறக்கினேன். கடைக்கு வந்து வியாபாரம் பார்த்தேன். ராத்திரி சாப்பிட்டேன், தூங்கினேன். அழுகை வரவில்லை, இப்போதும் வரவில்லை. பல்லைப் பிடுங்க மரத்துப்போக ஊசி போடுவார்களே, அது உடம்பு பூராவும் போட்ட மாதிரி இருக்கிறது.

அந்த வட்டத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை. வாரம் இரண்டு தரம் மூட்டையோடு அதைத் தாண்டிப் போகிறேன். அத்தனை பச்சைக்கு நடுவே அந்தக் கறுப்பைப் பார்த்தால் பொன்மலைதான் தெரிகிறது. மச்சான் புளியமரத்துக் குழி, தண்டவாளத்துக் குழி என்று காட்டினபோது எனக்குத் தெரியாத பொன்மலை இப்போது தெரிகிறது. கோடு வட்டமாக, அழகாக வந்திருக்கிறது. மழை கூட அழிக்கவில்லை.

இதையும் வீட்டில் படித்துக் காட்டு.

அழகிரி

---

பாலக்கரை,
30-8-1959

தம்பி அழகிரிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதத்திலேயே தெரிந்தது.

உன் மச்சான் ஜூன் மூன்றாம் தேதி வந்தார். கோயம்புத்தூர் வரை நடந்திருக்கிறார். "மலையில புல்லு இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னார். அப்புறம் வாயே திறக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, அவர் சுகமாக மைதானத்தில் இருக்கிறார் என்று உன் கடிதம் வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பிரித்துப் படித்தேன். தைலத்தை அவர் கையிலேயே கொடுத்தேன். வாங்கி என் முட்டியில் தேய்த்துவிட்டார்.

உன் பொய்யைப் பிடிக்க நான் காத்திருக்கவில்லை. என்ன நடந்தது என்று அவர் சொல்லமாட்டார், நீயாவது சொல்வாய் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். காய்ச்சல் எதனால் என்று தெரியாமல் என்ன கஷாயம் வைப்பது?

தினமும் விடிந்ததும் பொன்மலைக்குப் போய் மரத்தடியில் உட்காருவார். செல்லக்கண்ணு தன் கட்டையை நீட்டி, "ஒரு இழுப்பு இழுங்கண்ணே, சும்மா" என்றால் வேண்டாம் என்று தலையாட்டுவார். ஒரு நாள், "அது மேல புல்லு இருக்குய்யா, மிதிக்காதே" என்றாராம். செல்லக்கண்ணு பயந்துபோய் என்னிடம் வந்து சொன்னார். அங்கே புல்லைப் பார்த்து மணலென்று நினைத்தவருக்கு, இங்கே மணலைப் பார்த்தால் புல் தெரிகிறது.

உன் கடிதத்தை முந்தாநாள் படித்துக் காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை. "எனக்குத் தெரியாது சார்" வந்த இடத்தில் நிறுத்தினேன். "அத விடு, மேல படி" என்றார். முடித்ததும், "யாரையும் கேக்காதீங்கன்னு சொன்னேன்னு எழுதியிருக்கானே, அந்த இடத்த இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். "அவனே எழுதியிருக்கானா?" என்றார். எழுத்தைக் காட்டினேன். படிக்கத் தெரியாதவர், விரலை வைத்து அந்த வரியின் மேல் மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

நான் உன் மேல் கோபமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று காலை அவர் சொல்லச் சொல்ல எழுதினது கீழே இருக்கிறது. நீ அன்று எழுதி அனுப்பின வரி மாதிரி இல்லை, இது அவர் வாயால் சொன்னது.

"மாப்ள, எண்ணெய் ஒரு சாண் இறங்கியிருக்கும். அது மேலயே புல்லு நட்டா வராது. ஒண்ணரைச் சாண் ஆழத்துக்கு வட்டத்தை முழுசா வெட்டி எடுக்கச் சொல்லு. வெட்டின மண்ணைத் தோட்டத்துப் பக்கம் கொட்ட வேண்டாம், ரோட்டுல கொட்டட்டும். புது மண்ணைப் போட்டு ஒரு மழை விட்டு அப்புறம் நடணும். நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். உன் மச்சான் சொன்னாருன்னு சொல்லு.

என் கட்டையைத் திருப்பி அனுப்பிடு. செல்லக்கண்ணு கட்டை சரியில்ல, ஒரு பக்கம் கனம்.

அப்புறம் ஒண்ணு. மூணு மாசம் அது மேல நின்னேன், கேக்கவே இல்ல. நீயாவது கேட்டு எழுது. அந்தப் புல்லுக்குப் பேரு என்ன?"